குதிரைக்குக் கண் வரையும் வீடு

நவம்பர் 3, திங்கள்
எடிசனில் காலையிலிருந்து தூறல். வாசலில் இலைக் குப்பை, வாரவில்லை. வாங்க: பால், தயிர், நிலாவுக்கு ஸ்நோ பூட்ஸ்.

மாமா இன்றும் ஜெர்மனிக்கு ஃபோன். அவர் தாத்தா ஆரம்பித்த மரப்பொம்மை ஃபேக்டரியை ஒரு பெரிய கம்பெனி கேட்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். விற்றால் இங்கே அமெரிக்காவில் எங்களோடு இருப்பார். இல்லையென்றால் அத்தை இல்லாத அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்புவார்.

ஓக் ட்ரீ ரோட்டில் பானு ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். "மாமனாரத் திருப்பி அனுப்பாதம்மா. இந்த வயசுல தனியா எப்படி மேனேஜ் பண்ணுவாரு? வித்துட்டு நிம்மதியா இருக்கச் சொல்லு." தலையாட்டிவிட்டு வந்தேன். சொல்வது சுலபம்.

நவம்பர் 5, புதன்
வெயில். துணி துவைத்தாயிற்று, மடிக்கவில்லை.

மாமா கராஜில் நிலாவுக்கு ஒரு குதிரை செதுக்குகிறார். ஐயோ, அந்த மரத்தூள் வாசனை! ஈரோட்டிலிருந்து டிசைன் ட்ரெய்னிங்குக்குப் போய் அந்த ஃபேக்டரியில் இறங்கிய குளிர்காலம், பெயிண்ட் ரூம், காப்பி இடைவேளையில் முதலாளி மகன் மார்ட்டின். எல்லாம் வந்துவிட்டது.

அங்கே ஒரு வழக்கம். உடம்பு, சேணம் யார் வேண்டுமானாலும் பூசலாம். கண் மட்டும் வீட்டுப் பெண்தான் வரைய வேண்டும். கல்யாணமான வாரமே அத்தை பிரஷைக் கையில் கொடுத்துவிட்டார். நானும் நம் ஊர்ப் பழக்கத்தில் காதுவரை நீட்டி மை தீட்டிவிட்டேன். ஒரு பெட்டி முழுக்கக் குதிரைகள் கல்யாணப் பெண் மாதிரி முழித்தன. அத்தை தலையில் கைவைத்தார். "அனுப்பு, குழந்தைங்களுக்குப் பிடிக்கும்" என்றார் மாமா, ஜெர்மனில். கடைக்காரர் அத்தனையையும் திருப்பி அனுப்பினார். அதற்கும் மாமா சிரிப்புதான்.

நாங்கள் இங்கே வந்தோம், அத்தை போனார். இப்போது கண்ணெல்லாம் ஸ்டிக்கர்.

நவம்பர் 6, வியாழன்
சாப்பிடும்போது கேட்டேவிட்டார். மார்ட்டினிடம், "நீ வந்து நடத்துறியா?" மார்ட்டின் தட்டைப் பார்த்துக்கொண்டே, "முடியாதுப்பா."

என் பக்கம் திரும்பினார். "நீ?"

வரேன் மாமா என்று வாய் வரைக்கும் வந்தது. நிலாவின் ஸ்கூல், வீட்டு லோன், என் வேலை. "முடியாது மாமா" என்றேன். கோபமே இல்லை அவருக்கு. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

நிலா என் காதில், "ஹி இஸ் சேட், அம்மா." தெரியும்டி.

நவம்பர் 7, வெள்ளி
கையெழுத்துப் போட்டுவிட்டார். ஸ்கேன் பண்ணி அனுப்பியது நான். மத்தியானம் படுத்துத் தூங்கினார். பகலில் தூங்குகிற ஆளே இல்லை.

நவம்பர் 10, திங்கள்
நல்ல குளிர். ஹீட்டர் சத்தம், ஆளைக் கூப்பிடணும்.

புது முதலாளிகளின் மெயில். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். பொம்மைப் பெட்டிகளில் 'குடும்ப நிறுவனம்' என்ற வரி அப்படியே இருக்கலாமா, வாங்குகிறவர்களுக்கு அது பிடித்திருக்கிறதாம். மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம்.

"எந்தக் குடும்பம்னு கேட்டு எழுது."

'அன்புடையீர்' வரை அடித்திருக்கிறேன்.