மாடு தின்றாலும் சாகாத பந்தல்

நேற்று ஒரு பசைச் சட்டியை எட்டி உதைத்துவிட்டேன். கொதிக்கிற மைதாப் பசை என் காலிலேயே கொட்டி, பாதமெல்லாம் கொப்புளம். அந்த எரிச்சலோடுதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் மூன்று நாள் வியாபாரக் கண்காட்சி. குப்பையே இல்லாத கண்காட்சியாம். பழைய பந்தல்காரன் ஆயிற்றே என்று யோசனை கேட்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால், துணித் தட்டியில் காகிதம் ஒட்ட ஒருவன் பசை காய்ச்சிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் பிரித்த பொட்டலத்தில் நீலக் கட்டி. மயில்துத்தம், அதே விஷம். “ஒரு சிட்டிகை போட்டா எலி அண்டாதுங்க” என்றான். எனக்கு வயது மறந்துபோனது. உதைத்த பிறகுதான் அவன் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். உன் கோபம் எனக்கு ஒட்டிக்கொண்டது என்று என் பெண்டாட்டி சொல்வதில் தப்பே இல்லை.

எண்பதுகளின் நடுவில் காரிமங்கலம் சந்தை மைதானத்தில் நாம் இருவரும் சேர்ந்து போட்ட விவசாயக் கண்காட்சியை நீ மறந்திருக்க மாட்டாய். அதுவரை தென்னங்கீற்றும் மூங்கிலும்தான் நமக்குத் தெரியும். அந்த வருடம் பம்ப்செட் கம்பெனி, உரக் கம்பெனி எல்லோருக்கும் தெர்மாகோல் வளைவு வேண்டும், அதன்மேல் பளபளவென்று கலர் காகிதம் ஒட்ட வேண்டும். ஒட்டினோம். மறுநாள் காலையில் ஊர் மாடுகள் வந்து, பசை ருசிக்காக மூன்று வளைவின் காகிதத்தையும் உரித்துத் தின்றுவிட்டிருந்தன. நீ சவுக்குக் கட்டையால் ஒரு மாட்டின் முதுகில் போட்ட போட்டில் கட்டை இரண்டாக ஒடிந்தது. மாடும் சும்மா விடவில்லை. கொம்பில் உன் வேட்டியைக் கோத்துக்கொண்டு ஓடியது. டவுசரோடு நீ துரத்திய வேகத்தைப் பார்த்து பம்ப்செட்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அன்று மத்தியானம் நீ பல்பு வாங்க தருமபுரி போயிருந்தாய். நான் பசை காய்ச்சினேன். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் எல்லாம் எலிக்கும் கரப்பானுக்கும் ஒரு சிட்டிகை துத்தம் போடுவது வழக்கம்தானே. நான் மாட்டுக்காகப் போட்டேன், கை கையாக அள்ளிப் போட்டேன். அடுத்த நாள் ஒரு பசு வந்து நக்கிப் பார்த்து, தலையை உதறிக்கொண்டு போய்விட்டது. “என்னாடா பண்ண சூசை?” என்று நீ கேட்டாய். தொழில் ரகசியம் என்று பெருமையடித்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால் அன்றே என் மண்டையை உடைத்திருப்பாய், அத்தோடு போயிருக்கும்.

கண்காட்சி முடிந்ததும் எல்லாப் பந்தல்காரர்களையும் போலத்தான் நாமும் செய்தோம். கம்பு, கயிறு, துணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மீதியைச் சுவரோரம் தள்ளிவிட்டு வந்தோம். கிழித்த காகிதம், உடைந்த தெர்மாகோல், எச்சில் இலை, கரும்புச் சக்கை எல்லாம் ஒரே குவியல். மைதானத்தைக் கூட்டுவது நம் வேலை இல்லை என்று அன்றைக்கு நினைத்தோம். சாயங்காலம் நல்ல மழை. பசை ஊறி, எச்சில் சோற்றோடு கலந்து கூழாகிவிட்டது. அன்று ராத்திரியே, மறுநாள் சந்தைக்கு வந்த மாடுகளை அந்தச் சுவரோரம்தான் கட்டினார்கள்.

சந்தையன்று காலையில் விட்டுப்போன மூங்கிலை எடுக்க வந்தோம். கம்பைநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு காளையின் தலை. கால் நாலும் விறைத்துப்போய், வாயில் நீலமும் பச்சையுமாக நுரை. ஜோடிக் காளை வயிறு உப்பி நின்றுகொண்டே முனகியது. “நேத்து நல்லா தண்ணி குடிச்சுதுங்களே, நல்லா இருந்துச்சுங்களே” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மருந்து கம்பெனிக்காரன் வேலடா இது!” என்று யாரோ கத்தினார்கள். பூச்சிமருந்து ஸ்டால் போட்டிருந்த ஓசூர்க்காரன் அப்போதுதான் டின்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். முதலில் செருப்பு, பிறகு கட்டை. கண்ணாடி உடைந்து முகத்திலேயே குத்தியது. கீழே விழுந்தவன் வயிற்றில் ஏறி மிதித்தார்கள். அவன் கன்னடமும் தமிழுமாகக் கும்பிட்டுக்கொண்டே கதறினான். வாயைத் திறந்தபோதெல்லாம் ரத்தம்தான் வந்தது.

நான் முப்பது அடி தள்ளி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் அவனை விட்டுவிடுவார்கள். நாக்கு எழவில்லை.

நீ காளையின் வாயில் விரலை வைத்து அந்த நுரையை எடுத்துப் பார்த்தாய். விரலில் நீலம். திரும்பி என்னைப் பார்த்தாய், ஒரே ஒரு தடவை. பிறகு ஓடினாய்.

“வுடுங்கடா அவன! பசையில துத்தம் கலந்தது நான்டா! என்ன அடிங்கடா!”

அந்த விவசாயி அதுவரை ஒருவரையும் அடிக்கவில்லை. மெதுவாக எழுந்து, மாடு கட்டியிருந்த முளையைத் தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார். முதல் அடி உன் வலது தோளில் விழுந்தது. பச்சை மூங்கிலைப் பிளக்கும்போது வருமே, அதே சத்தம். நீ கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு எத்தனை விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தக் கை அப்புறம் தோளுக்கு மேலே எழவே இல்லை. பந்தல்காரனுக்குக் கை எழவில்லை என்றால் அவன் பந்தல்காரனா? ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டே கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. “நீ ஆஸ்துமாக்காரன்டா. ரெண்டாவது அடிக்கே செத்திருப்ப” என்றாய். பிறகு கிட்டே வரச் சொன்னாய். ஏதோ ரகசியம் என்று குனிந்தேன். நல்ல கையால் என் இடது காதோடு சேர்த்து ஒரு அறை விட்டாய். நர்ஸ் அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

“இது எனக்காவ இல்ல. அவன் வாங்கினானே, அத்தனையும் உன்னுது. அடுத்த வார்டுல கெடக்கறான். போய் அவன் முன்னாடி நின்னு சொல்லு.”

போனேன். திரும்பி வந்து, “பாத்துச் சொல்லிட்டேன்” என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை.

ஆனால் வேலையில் எடுத்தாய். “மாடு தின்னாலும் சாவாத சாமான்ல மட்டுந்தான் இனிமே பந்தல். இல்லன்னா வேண்டாம்” என்றாய். கீற்று, மூங்கில், மாவிலை, தேங்காய்நார்க் கயிறு. பெயர்ப்பலகைக்குத் துவைத்துத் துவைத்து எழுதும் காடாத்துணி. ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை, அதில் வேறு எதுவும் விழக்கூடாது. சாப்பாட்டுக்கு மந்தாரை இலை. கடைசி நாள் எல்லாம் பிரித்த பிறகு உன் வீட்டு மாடு இரண்டையும் ஓட்டிவந்து மைதானத்தில் அவிழ்த்துவிடுவாய். கண்காட்சி நடத்தியவர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். “மாடு வயிறு ரொம்பி வூட்டுக்கு நடந்து வந்தாத்தான் வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம்.”

அதற்காக நீ போட்ட சண்டை கொஞ்சமா? பத்தடி உயர தெர்மாகோல் மோட்டாரை வண்டியில் கொண்டுவந்து இறக்கிய கம்பெனி மேனேஜருக்கு என்ன நடந்தது? காலால் உதைத்தே அதைத் தூளாக்கினாய். சட்டையைப் பிடித்தவன் மூக்கில் தலையால் ஒரு முட்டு. வெள்ளைத் தூளெல்லாம் சிவப்பாகிவிட்டது. அரைநாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். மாட்டுப் பைத்தியம் என்று ஊரே சொன்னது. வேலைகள் போயின. நீ அசையவில்லை. கீழே நின்று நீ கத்த, மேலே ஏறி நான் கட்ட, இருபது வருடம் ஓட்டினோம்.

நீ செத்த அன்று அந்தக் கம்பைநல்லூர் விவசாயி வந்திருந்தார். உன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தப்ப தானே வந்து ஒத்துக்கிட்ட மனுசனுங்க. நாந்தான் மிருகமாட்டம் அடிச்சிட்டன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் என் நாக்கு எழவில்லை. எவ்வளவு கேவலமானவனோடு நீ கூட்டுத் தொழில் செய்தாய் பார்.

நேற்று காலில் மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது, கண்காட்சி நடத்துகிற பெண் ஒரு துணிப் பலகையைக் கொண்டுவந்து காட்டினாள். வாசலில் வைக்கப் போகிறார்களாம். நடுவில் உன் படம். கீழே, தன் பசையில் விஷம் கலந்து காளைகளைச் சாகடித்தவர், அந்தத் தவறிலிருந்து குப்பையில்லாப் பந்தலைக் கண்டுபிடித்தவர் என்று எழுதியிருந்தது. “நீங்க சொன்ன மாதிரியே எழுதியிருக்கோங்க” என்றாள். ஆமாம், நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். நாற்பது வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

பலகை எழுதியவனின் பிரஷ்ஷைப் பிடுங்கி முதல் வரியை அடித்தேன். ‘துத்தம் கலந்தவன் சூசை. அதற்காக அடி வாங்கியவர்கள் இரண்டு பேர்’ என்று எழுதினேன்.

“சூசைங்கிறது யாருங்க?” என்றாள். என்னை அவளுக்குப் பந்தல்காரத் தாத்தா என்றுதான் தெரியும்.

“நாந்தாம்மா.”

அவள் நான் எழுதியதை மறுபடி படித்தாள். பிறகு, “ரெண்டு பேர்னு எழுதியிருக்கீங்களே. ஒருத்தர் இவரு. இன்னொருத்தர் பேரு?” என்றாள்.

தெரியவில்லை. அன்று நான் அடுத்த வார்டின் கதவு வரைதான் போனேன். அவன் முகம் முகமாக இல்லை. அவன் மனைவி ஸ்பூனால் கஞ்சியை அவன் உதட்டில் விட்டுக்கொண்டிருந்தாள். அது திரும்ப வழிந்துகொண்டிருந்தது. உள்ளே போகவில்லை, பெயரைக் கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து உன்னிடம் பொய் சொன்னேன். அவன் பிழைத்தானா என்றுகூட எனக்குத் தெரியாது.

பலகையில் அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். கடைசி நாளன்று மாட்டை ஓட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போக வேண்டும். உன் அறை விழுந்த இடது காது இன்றைக்கும் கேட்பதில்லை. அதற்கு நான் வைத்தியம் பார்த்துக்கொள்ளவே இல்லை.