கொம்பு உடைந்த காட்டெருமை

பெட்டியைத் திறந்ததும் ஆளி விதை எண்ணெயின் வாசனை. பொம்மைப் பட்டறையின் அதே சாய நெடி, அம்மா.

நேற்று, அந்தக் குடியிருப்பின் தலைவர், பெரிய பிரதர், நம் வில்பட்டி வீட்டுக்கு வந்திருந்தார். நீ இறந்த பிறகு முதல் தடவை. வயதாகிவிட்டது, அவர் கை நடுங்குகிறது. குரல் மட்டும் அப்படியே, தேன் தடவியதுபோல. என் மகளுக்கென்று ஒரு நோவாவின் பேழை கொண்டுவந்திருந்தார். மரத்தில் செய்த மிருகங்கள், ஜோடி ஜோடியாக. "சிஸ்டர் வரைஞ்ச மாதிரிதாங்க இன்னும் கண்ணு வரையுறோம்" என்றார், உன்னைத்தான். மூடியில் அச்சடித்திருந்தது: அன்பினால் செய்யப்பட்டது. சுற்றுலா வருகிறவர்கள் படிப்பதற்கு.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இறந்ததும் கன்னிவாடியிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு, எல்லாம் பொது என்று வாழ்ந்த அவர்களுடைய குடியிருப்புக்கு வந்தாய். ஒரே மேசை, ஒரே ஜெபம், ஒரே பொம்மைப் பட்டறை. சோறு போட்டார்கள். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வளர்ந்த குழந்தைகள் ஒருவரிடமும் ஒரு பொம்மை கிடையாது. நல்லவை கடைக்கு. பழுதானவை சாப்பாட்டு அறையின் கணப்பு அடுப்புக்கு. 'என்னுடையது' என்ற எண்ணம் பழுதானதிலிருந்துகூடத் தொடங்கிவிடுமாம்.

அப்படிப் பழுதான ஒரு காட்டெருமைப் பொம்மையை நீ முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்தாய். ஒரு கொம்பு உடைந்திருந்தது. கண் மட்டும் வரைந்து முடித்திருந்தாய்.

"ஜோடி இல்லாததுக்கு நோவா கப்பல்ல எடமில்லையாம். நம்மகிட்ட கெடக்கட்டும்" என்று சிரித்தாய். பிறகு என் காதருகே: "இது உனக்கு. உனக்கு மட்டும்."

அறையைப் பெருக்க வந்த பெண் ஒருத்தி அதை என் தலையணைக்கடியில் கண்டுபிடித்தாள். அன்று மாலை எல்லோர் முன்பும் உன்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். பெரிய பிரதர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அருவருப்பே அதில்தான்.

"ஒரு பிள்ளைக்குன்னு குடுத்தா மத்த பிள்ளைகளுக்கு இல்லைன்னு ஆகிருதுல்லங்க, சிஸ்டர். நீங்களே போட்டுருங்க."

அடுப்பின் கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டார். நீ போட்டாய். சாயம் கொப்பளித்தது. குழந்தைகளைப் பாடச் சொன்னார்கள். பாடினோம். பிறகு கேரட் சூப். அதில் எரிந்த எண்ணெயின் நாற்றம். முழுவதையும் குடித்தேன். மிச்சம் வைப்பதும் அங்கே பாவம்.

நாம் வெளியேறி எத்தனையோ காலத்துக்குப் பின் ஒரே ஒரு முறை அதைப் பற்றிப் பேசினாய். பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல்: "கண்ணு வரையாம குடுத்துருக்கணும். பாத்துக்கிட்டே எரிஞ்சுச்சு."

நேற்று அவர் டீ குடித்தார். கிளம்பும்போது மகளின் தலையில் கைவைத்து, "எல்லார் கூடயும் பங்கு போட்டு வெளயாடணும் பாப்பா" என்றார். அவர் போனதும் டம்ளரைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியோடு உள்ளே தள்ளிவிடலாம் என்று எடுக்கப் போனேன்.

மகள் அதற்குள் காட்டெருமை ஜோடியில் ஒன்றை எடுத்து மடியில் வைத்திருந்தாள். உன் கண். என்னையே பார்த்தது.

"இது எல்லாருக்குமா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். 

"உனக்கு" என்றேன். "உனக்கு மட்டும்."

வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை, அம்மா. அப்படியும் அவள் காதில்தான் சொன்னேன்.