பாதியில் நின்ற கணக்கு வகுப்பு

டீச்சர்,

இன்று பள்ளிக்கு மழை விடுமுறை. 'கணக்கு வகுப்பை ஆன்லைனில் நடத்திவிடுங்கள்' என்று தலைமையாசிரியையிடமிருந்து காலையில் செய்தி வந்தது. உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அறிவியலோடு கணக்கையும் நான்தான் எடுக்கிறேன்.

போன வருடமும் இப்படித்தான் பெய்தது. குன்னூரில் உங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தபடி பத்தாம் வகுப்புக்கு நேர்கோட்டின் சாய்வு நடத்தினீர்கள். வரைபடம் போடும் அந்தச் செயலியைக் கற்றுக்கொள்ள நானும் வகுப்பில் சேர்ந்திருந்தேன். அதன்மேல் உங்களுக்கு அவ்வளவு பிரியம். "போர்டுல போட்ட கோடு நகராதுங்க டீச்சர். இதுல புள்ளைங்களே இழுத்துப் பாக்கலாம்" என்பீர்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னல் எட்டாத பிள்ளைகளுக்கு அதே பாடத்தைத் துண்டு துண்டான வீடியோவாக அனுப்பிவைப்பீர்கள்.

அன்று சங்கீதா கேட்டாள்: "கோடு நெட்டுக்குத்தா நின்னா சாய்வு எவ்வளவுங்க டீச்சர்?"

சிரித்தீர்கள். "இரு கண்ணு, இழுத்துக் காட்டறேன்."

படம் அப்படியே நின்றது.

யாரும் பதறவில்லை. மழையில் நெட் போவது இங்கே புதிதா? "வாய்ஸ் வரலைங்க", "டீச்சர், கேக்குதுங்களா?" என்று பிள்ளைகள் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். நான் நிதானமாகக் காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் எதிர்மேட்டில் குடியிருந்த சங்கீதா வீறிட்டாள்.

"ஐயோ, டீச்சர் ஊட்டு மேல மண்ணு சரிஞ்சிருச்சுங்க! ஊடே தெரியலைங்க!"

திரையில் நீங்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

மண்ணை அள்ளி உங்களை எடுத்தபோது நானும் அங்கே நின்றேன். அது மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்புதான் போக மாட்டேன் என்கிறது. வகுப்பு தொடங்குமுன், "பின்னால மேட்டுல தண்ணி ஊறுதுங்க, மழை விட்டதும் ஆளைக் கூட்டிக் காட்டணும்" என்றீர்கள். சொன்ன கையோடு வருகைப்பதிவு எடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். மழை விடும்வரை மண் காத்திருக்கும் என்று நாம் எல்லோருமே நம்பினோம்.

மழை நாளில் இப்போதெல்லாம் நான் எடுத்தவுடன் பாடத்துக்குப் போவதில்லை. இன்றும், "எல்லாரும் போனைத் திருப்பி ஊட்டுக்குப் பின்னாடி காட்டுங்க" என்றேன். தேயிலைச் சரிவுகளும் கல்சுவர்களும் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஒரு மாணவியின் வீட்டுச் சுவரடியில் செம்மண் தண்ணீர் பீறிட்டது.

"எப்ப இருந்து வருது கண்ணு?"

"விடியறப்ப இருந்துங்க."

"அம்மா, அப்பா எல்லாரையும் கூட்டிட்டு இப்பவே ஸ்கூலுக்குப் போ. ஒண்ணும் எடுக்க வேண்டாம்."

அவள் போனதும் யாரும் வகுப்பைவிட்டு வெளியேறவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு படம் வந்தது: பள்ளி வராந்தாவில், தலை சொட்டச் சொட்ட, குடும்பத்தோடு நிற்கிறாள்.

அந்த மேடு இதுவரை விழவில்லை. விழாமலே இருக்கட்டும். பாடத்தை நாளைக்கு வைத்துக்கொள்கிறோம், டீச்சர்.