காருக்குக் கொலுசு

தோவாளை
4.5.2025

அய்யா உண்டு.

மாப்பிள்ளை வைகுண்டராஜனுக்கு,

உன் பேச்சைக் கேட்டு, நீ வேலை பார்க்கும் கம்பெனியின் ஹைபிரிட் காரையே டாக்சிக்கு எடுத்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் என் தங்கச்சி முத்துக்கனி உனக்கு அனுப்புகிற நேந்திரங்காய் வற்றல் பார்சலுக்குள் இதைத் திணிக்கிறேன். பெண்டாட்டி வறுத்த வற்றல் வேண்டுமென்றால் மச்சினன் கிறுக்கலையும் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

ஏலே, என்னல வண்டி செய்து வைத்திருக்கிறீர்கள்! ஷோரூமில் பட்டனை அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்ப அமுக்கினேன். "செத்த வண்டியவா என் தலையில கெட்டுதீய?" என்று அங்கே நின்ற பெண்ணிடம் கத்திவிட்டேன். "ஸ்டார்ட் ஆகித்தான் நின்னுது சார், நீங்கதான் இப்ப ஆஃப் பண்ணிட்டீங்க" என்கிறாள்.

பழைய டீசல் வண்டி பக்கத்து ஊர் வெள்ளமடம் தாண்டும்போதே சத்தம் கேட்டு இங்கே உலை கொதிக்கும். இது முற்றத்தில் வந்து நின்றாலும் நாய்கூடத் தலை தூக்கவில்லை. மெதுவாகப் போகும்போது மட்டும் முன்பக்கத்தில் 'ஊம்ம்' என்று ஒரு முனகல். பேய் கீய் வைத்து அனுப்பினீர்களா?

டாக்சி சுயம்புலிங்கம்


சென்னை
15.5.2025

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்களுக்கு வண்டியில் அதிர்ச்சி. எனக்கு வேலையில். டீசல் எஞ்சினை நிறுத்திவிட்டு, எண்ணெய் குறைவாகக் குடிக்கும் ஹைபிரிட் பக்கம் கம்பெனி மொத்தமாகத் திரும்பிவிட்டது. ஒரு திங்கட்கிழமை போனால், இத்தனை வருடம் நான் நின்று எஞ்சின் பூட்டிய இடத்தில் இயந்திரத்தைக் காணோம். தரையில் போல்ட் ஓட்டைகள்தான் இருந்தன. சூப்பர்வைசர் தோளைத் தொடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

உங்கள் வண்டியில் முனகுவது பேய் இல்லை, நான்தான். பேட்டரியில் மெதுவாகப் போகும்போது கார் வருவது யாருக்கும் கேட்காது. நடந்து போகிறவர்கள் விலக வேண்டுமே என்று பம்பருக்குள் ஒரு சின்ன ஒலிப்பெட்டி வைக்கிறோம். அதைப் பொருத்துவதுதான் இப்போது என் வேலை.

முத்துக்கனிக்குத் தெரிய வேண்டாம். "எங்க வீட்டுக்காரரு எஞ்சின் செய்யுதாரு" என்று பூச்சந்தை முழுக்கப் பெருமை பேசுகிறவள்.

அன்புடன்,
வைகுண்டராஜன்


தோவாளை
1.6.2025

காருக்குக் கொலுசு மாட்டுகிற மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. எஞ்சின் சிங்கம் கடைசியில் கொலுசு மாட்டப் போய்விட்டதே! பயப்படாதே, முத்துக்கனியிடம் மூச்சு விடமாட்டேன்.

ஆனால் உன் கொலுசு எனக்குத் தொல்லை. ஏறுகிறவனெல்லாம் "என்னமோ முனங்குது, வண்டி கேடா?" என்கிறான். பம்பருக்கு அடியில் கையை விட்டு வயரைக் கழற்றிவிட்டேன். இப்போது வண்டி பூனைதான், கேட்டியா. நேற்று டீக்கடை பகவதியப்பன் ரோட்டோரம் கிளாஸ் கழுவிக்கொண்டு நின்றான். பின்னால் ஊர்ந்துபோய் ஒரு ஹாரன் அடித்தேன். கிளாஸ் ஓரிடம், ஆள் ஓரிடம். "லேய் சுயம்பு, நீ வெளங்கமாட்ட!" என்று தொடங்கி அவன் வைததில் பாதி எனக்கே புதுசு.

ஊரில் எல்லோரும் ஒரு முறை துள்ளிவிட்டார்கள். உன் பெண்டாட்டி ஒருத்திதான் பாக்கி.

டாக்சி சுயம்புலிங்கம்


சென்னை
29.6.2025

திரு. சுயம்புலிங்கம் அவர்களுக்கு,

ஆஸ்பத்திரியில் முத்துக்கனியோடு இருந்துவிட்டு இன்றுதான் அறைக்குத் திரும்பினேன். வாசலில் பார்சல் கிடந்தது. நான் பதறிப்போய் ஊருக்கு பஸ் ஏறிய பிறகு வந்திருக்கிறது. அடிபடுவதற்கு முந்தின நாள் அவள் கையால் கட்டிய முடிச்சு. வற்றல் நமுத்துப் போயிருந்தது. உள்ளே உங்கள் கடிதம்.

எதிரே லாரி வந்ததும் ஒதுங்கப் பின்னால் கால் வைத்தாள், உங்கள் கார் தட்டிவிட்டது என்றுதான் நான் நம்பியிருந்தேன். தொடையில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறவள் போலீஸிடமும் அதையேதான் சொன்னாள். "எனக்க தப்புதான். அண்ணன் என்ன செய்வான், பாவம்." நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். கட்டிப்பிடித்துத் தேற்றியவன் நான்.

'உன் பெண்டாட்டி ஒருத்திதான் பாக்கி.' இந்த வரியை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியவில்லை.

நான் அவளிடம் எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியது நீங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

வை. வைகுண்டராஜன்


தோவாளை
13.7.2025

வைகுண்டராஜனுக்கு,

வேண்டாம் என்ற பிறகும் எழுதுகிறேன். உன் கடிதத்தை வாசித்துவிட்டு காருக்குள்ளேயே இருந்துவிட்டேன். பிறகு இறங்கி, வயரை மாட்டிவிட்டு, உள்ளே போய், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்திருக்கிறவளிடம் சொன்னேன். "சத்தம் வாற வயரக் கழத்திப்போட்டது நான்தான் மக்கா. உன்னப் பயங்காட்டத்தான் பின்னால வந்தேன்."

அவள் வையவில்லை. வைதிருக்கலாம். திரும்பிப் படுக்கக்கூட முடியாதவள், கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். மறுநாள் நான் நீட்டிய கஞ்சியையும் வாங்கவில்லை.

அதற்கடுத்த நாள் கார் முற்றத்துக்குள் முனகிக்கொண்டு வந்தது. "இந்தச் சத்தமா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆமா."

"இது கேட்டிருந்தா நான் திரும்பிப் பாத்திருப்பேன்லா?"

நான் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன். "இத யாரு வைக்கா?" என்றாள். நீதான் என்றும், நீ மறைக்கச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். "ஆளுவளக் காப்பாத்துத வேலைல்லா இது? இதப் போயி மனுசன் எனக்கிட்ட எதுக்கு மறைக்காரு?" அப்புறம்தான் அழுதாள்.

என்னோடு இன்னும் பேச்சு இல்லை. சாயங்காலம் ஆனால் மட்டும், "ஒரு சுத்து போயிட்டு வா" என்கிறாள். நான் தெருவில் ஊர்ந்து போகிறேன். ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள்.

சுயம்புலிங்கம்


சென்னை
24.7.2025

அத்தானுக்கு,

வேகம் கூடினால் அந்தச் சத்தம் நின்றுவிடும். அவள் ஜன்னலைத் தாண்டும்வரை மெதுவாகவே போங்கள்.

வற்றல் தீர்ந்துவிட்டது.

வைகுண்டராஜன்