சொந்த விருப்பத்தின் பேரில்

ஆயா,

பொட்டுக்கடலைக்கு இப்போது ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். போன வாரம் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். மாடியில் தனியாக ஓர் அறை, கதவில் பலகை, உள்ளே ஏசி. ஓர் இளம்பெண் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரே இருந்த குழந்தை கையைக் கடிக்காமல் உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பொட்டுக்கடலையை அதன் உள்ளங்கையில் வைத்தாள். அந்த வறுத்த வாசனை என்னைத் தூக்கி மாட்டுங்காவில் கொண்டுபோய்ப் போட்டது. "இதுக்கு பிஹேவியர் தெரபின்னு பேரு ஆன்ட்டி. ஃபாரின்ல கண்டுபிடிச்சது" என்றாள். நல்ல பெண்தான், அவள்மேல் தப்பில்லை. ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. எனக்குத் தெரிந்து இதைக் கண்டுபிடித்தவர் தாராவியிலிருந்து நடந்தே வருவார். கடலையைப் புடவைத் தலைப்பில் முடிந்திருப்பார். அதற்காகத் திட்டும் வாங்கினார்.

அந்த நாளில் உங்களை "நீ" என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பள்ளிக்கூட ஆயாவை எங்கள் பக்கத்தில் யாரும் "நீங்கள்" என்று சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்க நீங்கள் இல்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தியே உங்கள் மருமகளை மார்க்கெட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் மூன்று மாதம் ஆகியிருந்தது.

என் உமாவுக்கு அப்போது ஏழு வயது. அறுபதுகளில் மாட்டுங்காவில் உமா மாதிரிக் குழந்தைக்கு இரண்டே வார்த்தைதான். டாக்டர் "மந்தம்" என்றார், சொந்தக்காரர்கள் "கர்மா" என்றார்கள். நம்மவர்கள் நடத்துகிற பள்ளிக்கூடம், நம் குழந்தையை விட்டுவிட மாட்டார்கள் என்று நம்பிச் சேர்த்தோம். அவளுக்குப் பேச்சு அதிகம் கிடையாது. நன்றாக உட்கார்ந்திருப்பாள், திடீரென்று வீறிட்டு அலறி மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். ரத்தம் வரும். ஹெட்மாஸ்டர், அதுதான் பெரிய சார், என்னைக் கூப்பிட்டு அனுப்பி, "பிடிவாதம்மா இது. ஆத்துல செல்லம் ஜாஸ்தி" என்பார். நானும் தலையை ஆட்டிவிட்டு வருவேன். எத்தனை நாள் தலையாட்டியிருக்கிறேன்!

ஒரு நாள் கேட்டருகே நீங்கள் என்னை நிறுத்தினீர்கள். "அவ காலிபீலி, சும்மா ஒண்ணும் கத்தலம்மா. மணி அடிச்ச பொறவுதான் கத்துதா. நாலு நாளா பாத்துட்டேன்" என்றீர்கள்.

மணி என்றால் வராந்தாவில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதை இரும்புக் கம்பியால் அடிப்பது உங்கள் வேலை. அடிக்கிறவர் நீங்கள் என்பதால்தான் அடிபடுகிறவள் உங்கள் கண்ணில் பட்டாள் போலிருக்கிறது. படித்த வாத்தியார்கள் அத்தனை பேர் இருந்தார்கள், ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை.

மறுநாளிலிருந்து நீங்கள் மணி அடிப்பதற்கு முன்னால் அவள் வகுப்பு ஜன்னலோரம் போய் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினீர்கள். மணி வரப் போகிறது என்று அர்த்தம். அவள் காதைப் பொத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். பிறகு அவளைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்து, வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்தீர்கள். கடிக்காமல் நின்றால் ஒரு கடலை. கடித்தால் கடலை கிடையாது, அதட்டலும் கிடையாது. ஒரு வாரம் மரத்தடி. அடுத்த வாரம் படிக்கட்டு. அதற்கடுத்த வாரம் வராந்தா முனை. அவசரமே இல்லை உங்களுக்கு. ஒரு நாள் அவள் பின்வாங்கினால் நீங்களும் கூடவே பின்வாங்கி மரத்தடிக்கே போய் நின்றீர்கள்.

ஒரு தடவை நான் காரியத்தைக் கெடுத்தேன். அவள் அழுவதைப் பொறுக்க முடியாமல் உங்கள் தலைப்பு முடிச்சை நானே அவிழ்த்து ஒரு கைப்பிடி கடலையை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துத் தடுத்தீர்கள். "அழுததுக்குக் குடுத்தா அழத்தாம்மா படிப்பா. நின்னதுக்குக் குடுங்க." ஒரு ஆயா என் கையைப் பிடிப்பதா என்று எனக்குச் சுருக்கென்றது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். என் லட்சணம் அப்படி இருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், உமா உங்கள் பக்கத்தில் நின்று அந்தக் கம்பியைத் தானே பிடித்து மணி அடித்தாள். அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் மத்தியானம் வரைக்கும் வகுப்பில் இருந்தாள். மணிக்கட்டுப் புண் காய்ந்தது. 'உ' எழுதினாள், பக்கம் பக்கமாக 'உ' எழுதினாள். பாதி சிலேட்டில், பாதி சுவரில்.

பொறுக்குமா அவர்களுக்கு? கமிட்டி மெம்பர் ஒருவர் ஆண்டு விழா ஏற்பாடு பார்க்க வந்தார். நல்ல குடும்பத்துப் பெண் ஆயாவோடு நின்று மணி அடிப்பதைப் பார்த்தார். அவ்வளவுதான். "பெருக்கறது உன் வேலை. வைத்தியம் பாக்கறது இல்லே" என்று பெரிய சார் உங்களைப் பார்த்து எல்லார் முன்னாலும் கத்தினார். மணியைப் பியூனிடம் ஒப்படைத்தார்கள். ஜன்னல் பக்கம் நீங்கள் போகக் கூடாது என்று உத்தரவு. மறுநாள் பியூன் யாருக்கும் எதுவும் காட்டாமல் படாரென்று அடித்தான். உமா அலறிக்கொண்டு ஓடினாள், பிடிக்கப் போன டீச்சர் கையைக் கடித்துவிட்டாள். மருந்தைப் பிடுங்கிக்கொண்டு, நோயாளியைப் பார்த்து "ஏன் இன்னும் சரியாகவில்லை?" என்று கேட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

என்னையும் என் கணவரையும் வரச் சொன்னார்கள். அவர் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. உங்களுக்கு நினைவிருக்கும், சட்டைப்பையில் எப்போதும் சீவின பென்சில் இருக்கும். பெரிய சார் ரொம்ப மரியாதையாகப் பேசினார். காபி வரவழைத்தார். "மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்றா. நாங்களா நீக்கினா குழந்தைக்குத்தான் பிளாக் மார்க். நீங்களா ஒரு லெட்டர் குடுத்துட்டா நல்லது. இன்னிக்கு கிளார்க் லீவு. நான் சொல்றேன், எடுத்துக்கறேளா?"

அவர் எடுத்துக்கொண்டார், ஆயா. இருபது வருஷமாக ஒருவர் சொல்லச் சொல்ல எழுதின கை. எதிரே ஒருவர் தொண்டையைக் கனைத்ததும் பென்சில் தானாக வெளியே வந்தது. என்ன எழுதுகிறோம் என்று கேட்கிற வழக்கம் அந்தக் கைக்கு இல்லை. எங்கள் மகளை எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் விலக்கிக்கொள்கிறோம், பள்ளி இதுவரை காட்டிய பரிவுக்கு நன்றி. நன்றி! பிறகு கிளார்க்கின் மிஷினில் உட்கார்ந்து, மார்ஜின் சரியாக விட்டு, இரண்டு கார்பன் காப்பியோடு அடித்தார். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். அவரை மட்டும் சொல்லி என்ன, என் கையை யார் பிடித்தார்கள்?

இரண்டு நாள் கழித்து நீங்கள் எங்கள் பில்டிங்குக்கு வந்தீர்கள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, வாசலிலேயே நின்றீர்கள். "புள்ள ஏம்மா ஸ்கூலுக்கு வரல?" என்று கேட்டீர்கள். நான் கார்பன் காப்பியை எடுத்துவந்து தமிழில் சொன்னேன். உங்கள் முகம் சிவந்துவிட்டது.

"சொந்த விருப்பமா? யாரு விருப்பம்மா இது? அவிய வெரட்டுனா வெரட்டட்டும், அது அவிய பாவம். நீங்களே எழுதிக் குடுத்து அந்தப் பாவத்தையும் கையில வாங்கிட்டு வந்திருக்கிய. நாளைக்கு யாராச்சும் கேட்டா, நாங்க எங்க வெரட்டினோம், அவியதான் கூட்டிட்டுப் போயிட்டாவன்னு சொல்லிருவாவல்லா? போங்கம்மா. போயி அந்தத் தாளைத் திருப்பிக் கேளுங்க. நானும் வாரேன்."

உள்ளேயிருந்து என் கணவர், "ரெக்கார்ட் ஆயிடுத்து. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நான் அவரையும் பார்த்தேன், உங்களையும் பார்த்தேன். போகவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று நீங்கள் வரத் தயாராக நின்றீர்கள், பெற்றவள் செருப்பைக்கூட மாட்டவில்லை. நீங்கள் படியிறங்கிப் போனீர்கள்.

உமா அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. போன இடத்திலெல்லாம் பழைய பள்ளியின் காகிதம் கேட்டார்கள், அதில் சொந்த விருப்பம் என்று இருந்தது. "அங்கே என்ன கஷ்டம், ஏன் நிறுத்தினேள்?" என்று எங்களையே கேட்டார்கள். இப்போது அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அவள் அப்பாவும் இல்லை. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் நான் ஐந்து விரலைக் காட்டுகிறேன், அவள் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். 'உ' மட்டும் எழுதத் தெரியும். மிச்ச எழுத்துகளை அந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டுவிட்டது.

உங்கள் கோபத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், ஆயா. நீங்கள் அன்றைக்குச் சொன்னதைச் செய்ய எனக்கு இருபது வருஷம் பிடித்தது. ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. இந்த மாதிரிக் குழந்தையை வைத்திருக்கிற யாரைப் பள்ளியிலிருந்து கூப்பிட்டாலும் நான் கூடப் போகிறேன். விக்ரோலிக்கும் போயிருக்கிறேன், டிராம்பே பக்கமும் போயிருக்கிறேன். எல்லா இடத்திலும் அதே மரியாதை, அதே காபி, மேஜைமேல் அதே தாள். திலக் நகரில் ஒரு பிரின்சிபால் அம்மாள் பேனாவின் மூடியைக்கூடத் தானே திறந்து, அழுதுகொண்டிருந்த தாயிடம் நீட்டினாள். நான் அந்தத் தாள்மேல் என் கையை வைத்தேன். "அவ எழுதித் தர மாட்டா. நீக்கணும்னா, நீக்கறோம்னு உங்க காகிதத்துல நீங்க எழுதுங்கோ. காரணத்தையும் எழுதுங்கோ" என்றேன்.

பிரின்சிபால் எழுதவில்லை. யாரும் எழுதுவதில்லை, ஆயா. எழுத அவர்களுக்குப் பயம். அவ்வளவு சின்ன விஷயம் அது. அன்றைக்கு நாங்கள் பென்சிலை எடுக்காமல் இருந்திருந்தால் போதும்.

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவங்க குழந்தையோட அம்மா. நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"நான் எழுதிக் குடுத்தவ" என்றேன்.