ரோசாலிக்கு எங்கே வலி

மார்ச் 3, திங்கள்
அம்மா இன்றைக்கும் டாக்டரிடம் அழைத்துப் போனாள். "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார். "தலை" என்றேன். தலைக்கு மாத்திரை எழுதினார். மாதாமாதம் அடிவயிற்றை ஈரத்துணி மாதிரி யாரோ பிழிகிறார்கள், ரத்தம் நிற்பதேயில்லை, ஒன்பதாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டதும் இதனால்தான் — இதையெல்லாம் அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அம்மாவிடமே "முடியல" என்பதோடு சரி. அவளும் நான் படிப்புக்குப் பயந்தவள் என்றே நினைக்கிறாள்.

மார்ச் 5
பக்கத்து வீட்டு இசபெல்லா ஆன்ட்டி கதவைத் தட்டாமலே வந்தார். "டீனா, மகளிர் ஞாயிறுக்கு சர்ச்சுல பூ அலங்காரப் போட்டி. உன் பேரு குட்த்துட்டேன்."
"ஐயோ ஆன்ட்டி!"
"இன்னா ஐயோ? பைபிள்ல பூ வெச்சு வெச்சு சங்கீதப் பக்கம் பூரா கறையாக்கி வெச்சிகினு கீற."
தலைப்பு: ஸ்திரீயும் சிருஷ்டிப்பும். போச்சு.

மார்ச் 9
பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பில் ஆளுயரத்துக்கு ஒரு பெண்ணை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் மருந்துத் தழை, காய்ந்த பூ. பெயரைப் பார்த்தே இடம் கொடுத்தேன். தலைக்குப் பொடுதலை. மூக்குக்கு மூக்கிரட்டை. உடம்பெல்லாம் குப்பைமேனி. தொடைக்கு ஆடாதொடை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.
பெங்களூர் ரயிலில் வந்து இறங்கிய ஆஷ்லி அக்கா பையைக்கூட வைக்காமல் பார்த்தாள். "யாருடி இது? ஒரு காலு மாரிகுப்பம் ஸ்டேஷன்ல, ஒரு காலு பங்காருபேட்டை ஸ்டேஷன்ல கீது. ரோசாலின்னு பேரு வெய்."

மார்ச் 14
ஆன்ட்டி பார்த்தார். சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. "இருமலுக்குக் காச்சிக் குடிக்கிற தழைய இன்னாத்துக்குடி தொடைல ஒட்டிகினு கீற?"
"ஆடாத தொடை..."
"ஆடு தொடாத தழைடி! ஆடு வாய் வெக்காது. அதுல தொடையும் இல்ல, முட்டியும் இல்ல."
பிய்த்தால் விரிப்பு கிழியும். ரோசாலிக்குத் தொடையில் இருமல். இருக்கட்டும்.
ஆன்ட்டி போகும்போது, "வயித்துக்குக் கீழ இன்னா, காலியா வுட்டுட்ட?" என்றார். பசை தீர்ந்துவிட்டது என்றேன். பசை டப்பா என் கையிலேயே இருந்தது.

மார்ச் 15
செம்பருத்தி. கறுத்துப் போன நாலைந்து. அந்தக் காலி இடத்தில் ஒட்டிவிட்டு ஓடிப்போய்ச் சமையலறையில் நின்றுகொண்டேன்.

மார்ச் 23, ஞாயிறு
பரிசு, சிலுவை மாதிரி செய்த ரோஜாக் கூடைக்கு. சரிதான்.
ரோசாலியைப் பார்த்த கமிட்டி கொர்னேலியஸ் ஐயா, "இன்னாம்மா இது, துணிமணி இல்லாம?" என்று மூக்கைச் சுளித்தார். இசபெல்லா ஆன்ட்டி விடுவாரா? "தல முதக்கொண்டு எலதான் கட்டிகினு கீறா. ஏவாளவிட டீசன்ட்டு, போங்க ஐயா." ஐயா காபி குடிக்கப் போய்விட்டார்.
அவர் போனதும் பெண்கள் நெருங்கி வந்தார்கள். ஒருத்தர் ரோசாலியின் முட்டியில் விரல் வைத்து, "எனக்கு இங்கதான், படி ஏற முடியல" என்றார். இன்னொருவர் மார்பைத் தொட்டு, "இங்க ஒரு கட்டி மாரி... யாராண்டயும் சொல்லல" என்று குரலைத் தாழ்த்தினார். ஆன்ட்டி உடனே அவர் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார்.
நான் தூணுக்குப் பின்னால். அம்மா மட்டும் வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு செம்பருத்தியைத் தொட்டாள். என்னைப் பார்க்கவில்லை.
"ரோசாலிக்கு இங்க எப்பலேர்ந்து வலிக்குது?"
தூணை விட்டு வெளியே வந்தேன்.
"எட்டாவதுலேர்ந்து."
"ரொம்பவா?"
"ரொம்பம்மா."

ஏப்ரல் 2
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அம்மா லீவு போட்டிருக்கிறாள். நாளை லேடி டாக்டர்.

ஏப்ரல் 3
"சொல்லும்மா" என்றார் டாக்டர். அம்மா வாய் திறப்பதற்குள் நானே சொன்னேன் — அடிவயிறு, ரத்தம், எத்தனை நாள், எல்லாம். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியே வந்தபோது, கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு மாமா எழுந்து தூரத்துப் பெஞ்சுக்குப் போயிருந்தார்.