ஐந்நூறு வாட்ஸ் என்று எழுதிய பெட்டி

சோர்வோன் முகாம்
9 ஜனவரி 2018

அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். பட்டாளத்தில் குளிர் தாங்காமல் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கேம் ஆடுகிற கம்ப்யூட்டர். கடையில் கட்டி வைத்திருப்பது வேண்டாம். ஒவ்வொரு பாகமும் பார்த்துப் பொறுக்கி அசெம்பிள் செய்தது வேண்டும். ஏப்ரலுக்குள் தயாராக வேண்டும்.

யோங்சான் எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் அத்தனை கடை இருக்கும்போது உங்களை ஏன் கேட்கிறேன்? மற்ற கடைக்காரர்கள் எப்படி ஏமாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எப்படி என்று தெரியும். உங்கள் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன் நான்.

க்யூஹோவை நான் மறக்கவில்லை. என் சிநேகிதன் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவன் வீட்டார் உங்களிடம் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். எங்களுக்கு அப்போது பதினைந்து வயது. ஐந்நூறு வாட்ஸ் என்று வெளியே எழுதியிருந்த, கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டிக்குள் அதில் பாதிகூட இல்லை. அது வெடித்து, திரைச்சீலையில் பிடித்து, அவன் வலது கை வெந்தது. மொத்த வியாபாரி என்னை ஏமாற்றிவிட்டான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று போலீஸிடம் சொன்னீர்கள். அம்மாவிடமும் என்னிடமும் அதையேதான் சொன்னீர்கள். அம்மா நம்பாமல் என்னையும் கூட்டிக்கொண்டு குன்சானுக்குப் போய்விட்டாள். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

சரி, கம்ப்யூட்டர். ஒவ்வொரு பெட்டியும் சீல் பிரிக்காமல் இருக்க வேண்டும். சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ வேண்டும். ராத்திரி பகலாக ஓடி டிஜிட்டல் காயின் தோண்டிக் களைத்துப்போன கிராபிக்ஸ் கார்டைத் துடைத்துப் போட்டால் கண்டுபிடித்துவிடுவேன். கேபினட் கதவு திருகு இல்லாமல் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். கொட்டேஷன் அனுப்புங்கள்.

தேகுன்

*

யோங்சான், இரண்டாம் தளம்
17 ஜனவரி 2018

என் அருமை மகன் தேகுனுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதத்தைக் கவுண்டரில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். எதிர்க்கடை பாங் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்ன கிபால் தம்பி, கண்ணு கலங்குது? வக்கீல் நோட்டீஸா?" என்றாள். "இல்ல, பையன் லெட்டர் போட்டிருக்கான்" என்றேன். வாங்கி ரெண்டு வரி படித்துவிட்டு, "வக்கீல் நோட்டீஸே மேல்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அங்கே குளிர் எப்படி? உள்ளே ரெண்டு சட்டை போடு. காலுறை ஈரமாக இருந்தால் உடனே மாற்று. இதையெல்லாம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று நீ கேட்பாய். இருந்தாலும் மாற்று.

கொட்டேஷன் இணைத்திருக்கிறேன். நீ கேட்ட கிராபிக்ஸ் கார்டு இன்றைக்கு யோங்சானில் தலைகீழாக நின்றாலும் நியாயமான விலைக்குக் கிடைக்காது. காயின் தோண்டுகிறவர்கள் லாரியோடு வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஆகையால் ஒரு படி கீழே போட்டிருக்கிறேன். பவர் சப்ளையில் மட்டும் கை வைக்கமாட்டேன். இருப்பதிலேயே உசத்தியானது, தேவைக்கு மேலேயே போட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டே பிறந்தவன் நீ. உனக்கு எதற்குத் திருகு இல்லாத கதவு? செப்டம்பரில்தான் பட்டாளத்தை விட்டு வெளியே வருகிறாய். ஏப்ரலில் எதற்குக் கம்ப்யூட்டர்? ஏதாவது பெண்ணா? பெண் என்றால் சொல், கேபினட்டை வெள்ளையில் பார்க்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
பியோன் கிபால்

*

சோர்வோன் முகாம்
28 ஜனவரி 2018

அப்பாவுக்கு,

பெண் இல்லை. கறுப்பே போதும்.

உங்கள் கொட்டேஷனை எங்கள் பாரக்ஸில் ஒரு பஞ்சாயத்தே உட்கார்ந்து படித்தது. ராத்திரி ஆள் எண்ணிக்கைக்கு முன்னால் பத்து நிமிஷம் கிடைத்தால் போதும், எங்கள் ஆட்கள் யாருடைய கொட்டேஷனையும் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். சிப்பாய் குவோன் என்று ஒருவன் இருக்கிறான். வெளியே இருந்தபோது நாலு கம்ப்யூட்டர் கட்டியவன். மேலிருந்து கீழே விரலை ஓட்டிவிட்டு, "கார்ப்பரல் சார், தப்பா எடுத்துக்காதீங்க. கிராபிக்ஸ் கார்டைக் குறைச்சு பவர் சப்ளையை ஏத்துற ஆள் நல்ல ஆளா இருக்க சான்ஸே இல்லை. அதுலதான் லாபம் ஒளிஞ்சிருக்கும். யாரு சார் இந்தக் கடைக்காரன்?" என்றான்.

"எங்க அப்பா" என்றேன். மறுநாள் காலையில் அவன் என் ஷூவுக்கும் சேர்த்துப் பாலிஷ் போட்டான்.

ஆனால் அவன் கேட்டது நியாயம்தான். பவர் சப்ளைமேல் உங்களுக்கு எதற்கு இத்தனை பாசம்? லாபமா? இல்லை, வேறு ஏதாவது மனசை உறுத்துகிறதா? மதர்போர்டுக்குப் பக்கத்தில் 'எனக்குப் பழக்கமான கம்பெனி' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பழக்கமானது என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மாற்றுங்கள். ராம் மெமரியில் இரண்டு குச்சியும் ஒரே பெட்டியில் வந்ததாக இருக்க வேண்டும். தனித்தனியாக எங்கிருந்தோ சேர்த்து ஜோடி என்று சொல்லக் கூடாது.

மவுஸ் விட்டுப்போயிற்று. இடது கைக்கும் பொருந்துகிற வடிவம் வேண்டும். கட்டைவிரல் பட்டன்கள் வலது பக்கத்திலும் இருக்க வேண்டும்.

தேகுன்

*

யோங்சான்
8 பிப்ரவரி 2018

அன்பு மகன் தேகுனுக்கு,

அடுத்த வாரம் சந்திரப் புத்தாண்டுப் பண்டிகை. பட்டாளத்தில் பண்டிகைக்கு அரிசித் துண்டு சூப் போடுவார்களா? போட்டால் ரெண்டு கிண்ணம் சாப்பிடு. நான் கடையிலேயே இருப்பேன். தனி ஆளுக்கு எதற்குச் சூப் என்று பாங் அக்காவிடம் சொன்னேன், திட்டினாள்.

மதர்போர்டை மாற்றிவிட்டேன். ராம் ஒரே பெட்டி. போட்டோக்கள் இந்த உறையில் இருக்கின்றன. பவர் சப்ளையில் எனக்குக் கிடைக்கிற லாபத்தில் ஒரு கிண்ணம் கறுப்பு நூடுல்ஸ்கூட வராது என்று உன் சிப்பாய் குவோனிடம் சொல். பையன் கெட்டிக்காரன், நம் கடைக்கு வரச்சொல்.

கிராபிக்ஸ் கார்டு கதையைக் கேள். செவ்வாய்க்கிழமை ஒருத்தன் பை நிறைய கார்டு கொண்டுவந்தான். நீ கேட்ட அதே கார்டு. புதுப் பெட்டி, சீல்கூடப் பிரிக்காதது, விலையும் படிகிற விலை. பக்கத்துக் கடைக்காரன் பணத்தை எடுக்கவே உள்ளே போய்விட்டான். நான் ஒரு பெட்டியை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். அவ்வளவுதான். ராத்திரி பகலாக ஆறு மாதம் காயின் தோண்டிய கார்டுக்கு ஒரு வாசனை உண்டு, வெந்த பிளாஸ்டிக் மாதிரி. அட்டையையும் தாண்டி வரும். "தம்பி, இதைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கியே, சென்ட் அடிக்க மறந்துட்டியே" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தளம் முழுக்கச் சிரிப்பு. இருபத்திரண்டு வருஷம் பொருளைத் தொட்ட கைடா இது. பாகம் எதுவும் என்னிடம் பொய் சொல்ல முடியாது. கடைசியில் பாங் அக்காவே ஒரு புதுக் கார்டை எனக்காக ஒதுக்கிக் கொடுத்தாள். நீ முதலில் கேட்டதே கிடைத்துவிட்டது.

இப்போது நான் கேட்கிறேன். நீ கரண்டி பிடிப்பது வலது கையில். பேனா பிடிப்பதும் அதே கையில்தான். இடது கை மவுஸ் யாருக்கு? மவுஸ் என்ற வார்த்தையைப் படித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். திருகு இல்லாத கதவு ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. விரல் மடங்காதவனுக்குத்தான் அது வேண்டும். இது க்யூஹோவுக்கு. என் கையாலேயே என் கண்ணைக் குத்தப் பார்க்கிறாயா? இது உன் யோசனையா, உன் அம்மாவின் யோசனையா? எனக்குத் தெரியாது, தெரியாது என்று ஏழு வருஷமாகச் சொல்கிறேன். பெற்ற பிள்ளையே வேவு பார்க்கிற மாதிரி பட்டியல் போட்டு அனுப்பினால் நான் என்ன செய்வது?

வேலையை நிறுத்தவில்லை. பதில் எழுது.

அப்பா

*

சோர்வோன் முகாம்
22 பிப்ரவரி 2018

அப்பாவுக்கு,

க்யூஹோவுக்குத்தான். அம்மாவுக்கு இதில் சம்பந்தம் இல்லை. அவளுக்குத் தெரியவே தெரியாது.

மூன்று வருஷமாக அவன் இடது கையில் ஆடப் பழகியிருக்கிறான். பழைய வேகம் வராது, அதை அவனே சொல்வான். ஆனால் ஆட்டத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கேம் போட்டிகளில் ஆடுகிற ஒரு சின்ன அணி ஏப்ரலில் அவனைச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறது. தினமும் காசு கொடுத்து ஆடுகிற கேம் கடையில் போய் உட்காருகிறான், வீட்டில் கம்ப்யூட்டர் வைக்க அவன் அம்மா விடுவதில்லை. நான்தான் இரண்டு லீவில் போய்க் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். யார் கட்டுகிறார்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் என்னை வேவுக்காரன் என்று சொன்னது சரிதான். உங்களை வேவு பார்க்கத்தான் இதை உங்களிடம் கொடுத்தேன்.

இப்போது உங்கள் போன கடிதத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள். சீல் பிரிக்காத அட்டைப் பெட்டியை மோந்து பார்த்து உள்ளே இருப்பது பழைய கார்டு என்று சொல்லிவிட்டீர்கள். இருபத்திரண்டு வருஷத்துக் கை, பாகம் எதுவும் பொய் சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். க்யூஹோவின் பவர் சப்ளையை அட்டையிலிருந்து எடுத்துக் கேபினட்டில் வைத்து நாலு திருகையும் முடுக்கியது அதே கைதான். பாதி உள்ளே இல்லாத பவர் சப்ளை காலித் தகர டப்பா மாதிரி லேசாக இருக்கும். சிப்பாய் குவோனுக்குக்கூட அது தெரியும். அந்தக் கைக்கு அன்றைக்கு மட்டும் தெரியாமல் போயிற்றா?

அன்றைக்கு நானும் கவுண்டருக்குப் பின்னால்தான் இருந்தேன். அதைக் கையில் எடுத்தபிறகு ஒரு நிமிஷம் நின்றீர்கள். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தெரியுமா, தெரியாதா?

தேகுன்

*

யோங்சான்
26 மார்ச் 2018

தேகுனுக்கு,

ஒரு மாதம் பதில் போடவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நாலிலும் மொத்த வியாபாரியைத்தான் திட்டியிருந்தேன்.

கம்ப்யூட்டரைக் கட்டி, மூன்று நாள் விடாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை நானே பூப்யோங்கில் க்யூஹோ வீட்டுக்குக் கொண்டுபோனேன். கூரியரில் அனுப்பியிருக்கலாம். கதவைத் திறந்தவன் அவன்தான். என்னைவிட ஒரு தலை உயரமாகிவிட்டான். அவன் அம்மா என்னைப் பார்த்ததும் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நான் இருந்த நேரம் முழுக்க அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அவன் கேபினட் கதவை இடது கையால் இழுத்துத் திறந்தான். கிராபிக்ஸ் கார்டைப் பார்க்கவில்லை. நேரே பவர் சப்ளையைத்தான் பார்த்தான். பிறகு அவனே ஸ்விட்சைப் போட்டான். போடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டானடா. விசிறி சுழல ஆரம்பித்தும் ரொம்ப நேரம் திரும்பவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"தெரிஞ்சேதான் வெச்சேன்" என்றேன்.

"தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு கடையில அதைக் கையில எடுத்துட்டு என்னைப் பார்த்தீங்க. அப்புறம் அதையே உள்ள வெச்சீங்க. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யோசிக்க நிறைய நாள் இருந்துச்சே." பிறகு கேட்டான்: "தேகுன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"அப்ப இன்னும் முடியலை, மாமா. இங்க வந்து முட்டி போட்டுட்டுப் போறது சுலபம். உங்களுக்குத் தெரியும்னு நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். அவன்தான் பாவம், நீங்க தப்பானவர் இல்லைன்னு எப்படியாவது நிரூபிக்கணும்னு அலையறான்."

ஆகவே எழுதுகிறேன். எனக்குத் தெரியும். கையில் எடுத்த உடனேயே தெரிந்துவிட்டது. அந்தச் சரக்கில் நாற்பது வாங்கி மாட்டிக்கொண்டிருந்தேன். வியாபாரி திருப்பி எடுக்கமாட்டேன் என்றான். முப்பத்தெட்டு விற்றாகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடப் பையன் ஆடுகிற ஆட்டத்துக்கு இது தாங்கும் என்று நினைத்தேன். நின்றது அந்த ஒரு நிமிஷம்தான். உன் சிநேகிதன் என்பதும் அந்த நிமிஷத்தில் ஞாபகம் இருந்தது. இருந்தும் வைத்தேன். எனக்குத் தெரியாது என்று உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பெரிய பாவம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அப்பா

*

சோர்வோன் முகாம்
11 ஏப்ரல் 2018

அப்பா,

கடிதம் வந்து ஆறு நாள் ஆயிற்று. காவல் முடிந்து வந்து தினமும் எடுத்துப் படித்தேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த வரைக்கும் பாதி நீங்கள் நல்லவராக இருந்தீர்கள். ஒருவேளை தெரியாமல் இருக்கலாம், ஒருவேளை நான் அந்த ஒரு நிமிஷத்தைத் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று அந்தப் பாதியைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது அதுவும் போய்விட்டது. க்யூஹோவுக்கு இது புரிந்திருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை. உங்கள்மேல் எனக்கு ரொம்பக் கோபம். பட்டாளத்தில் அழுதால் கேலி செய்வார்கள் என்பதால் அழவும் இடம் இல்லை.

அவனுக்கு அணியில் இடம் கிடைத்துவிட்டதாம். நேற்று அவன் தபால் கார்டு வந்தது. ஒரே வரி: 'மெஷின் நல்லா ஓடுது, அம்மா இப்ப அந்த ரூமுக்குள்ள வர்றாங்க.'

வரும் லீவில் யோங்சானுக்கு வரமாட்டேன். செப்டம்பரில் வருவேனா என்றும் தெரியாது. அதைப் பற்றி எழுதிக் கேட்காதீர்கள்.

இங்கே கேன்டீனுக்குப் பக்கத்தில் பொதுத் தொலைபேசி இருக்கிறது. ரெண்டு தடவை வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பின்னால் இருந்தவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னொரு தடவை நின்று பார்க்கிறேன். போன் அடித்தால் எடுங்கள். எடுத்த உடனே க்யூஹோவைப் பற்றிப் பேசாதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். என்னால் பதில் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.

தேகுன்